படகை விற்கச் சொல்வோர் யார்?

“படகை விற்றுவிடு; காசைக் கையில் வைத்துக்கொள்; காலம் சீரானபின் வேறொன்று வாங்கலாம்.”

2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் காத்தான்குடிக் கடற்கரையிலே இந்த அறிவுரையைக் கேளாத படகுக்காரரைக் காண்பது அரிதாயிருந்தது. தேநீர்க் கடையிலே சொன்னார்கள். மீன் ஏலம் கூறும் இடத்திலே சொன்னார்கள். உறவினர் வீட்டு முற்றத்திலே சொன்னார்கள். சொன்னவர்களுள் நல்லெண்ணமுடையோரும் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், ஓர் அறிவுரையின் தன்மையை அறிய வேண்டுமாயின், அதைக் கேட்டு நடந்தவர் என்ன ஆனார், அதனால் இலாபம் அடைந்தவர் யார் என்ற இரண்டையும் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்க்குமிடத்து, படகை விற்றவர் இன்று பிறர் படகிலே பங்குக் கூலிக்குப் போகின்றார். வாங்கியவர் இன்று இரண்டு படகுக்கு முதலாளி. இது தற்செயலா? இல்லை என்கின்றோம் நாம்.

“விலைவாசி அடங்கிவிட்டது, பழங்கதை எதற்கு?” என்று சிலர் வினவக்கூடும். விலைவாசி அடங்கியது உண்மை. ஆயின் அன்று எழுதப்பட்ட தாள்கள் அடங்கவில்லை. அவை இன்றும் எமது மேசைக்கு வந்த வண்ணம் உள்ளன. அடுத்த நெருக்கடி வரும்போது அதே பேனா, அதே வெற்றுத்தாள், அதே சாட்சிகள் மறுபடியும் காத்திருக்கப் போகின்றார்கள். ஆதலாலேயே இதனை எழுதுகின்றோம்.

எண்ணெயும் காற்றும்

காத்தான்குடியின் அமைப்பை வெளியூர் வாசகர் அறிதல் நன்று. மேற்கே வாவி, கிழக்கே பெருங்கடல். நடுவே ஓர் ஒடுங்கிய நிலத்துண்டில் நெருங்கி வாழும் மக்கள். வயல் செய்ய நிலமில்லை. வாணிகம், நெசவு, கடல் என்பவையே அவ்வூரின் பழைய மூன்று தொழில்கள். பூநொச்சிமுனையிலும் பாலமுனையிலும் கடலை நம்பி வாழ்பவரின் கைம்முதல் பெரும்பாலும் ஒரு பைபர் படகும், மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு வெளியிணைப்பு எஞ்சினுமே.

இந்தக் கைம்முதலின் கழுத்தில் கைவைத்தது யார்? முதலில் பற்றாக்குறை. 2022 இன் நடுமாதங்களில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா என்று விலைப்பலகையில் எழுதியிருந்தது, எண்ணெய்தான் இல்லை. வெற்றுக் கலன்களோடு விடியுமுன்னே வரிசையில் நின்றவர்கள் வெயில் ஏறியபின் வெற்றுக் கலன்களோடே திரும்பினார்கள். பின்னர் விலை. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 ஆம் நாள் நள்ளிரவில் 87 ரூபா 340 ரூபாவாயிற்று. மாலையில் ஒரு விலை. காலையில் அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு!

கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 20 லீற்றர் எரிக்கும் ஒரு படகு மாதத்தில் 20 நாள் கடலுக்குச் செல்லுமாயின், முன்னர் எண்ணெய்ச் செலவு 34,800 ரூபா. பின்னர் 136,000 ரூபா. அந்த ஒரே இரவிலே மாதச் செலவில் ஏறியது 101,200 ரூபா. எந்த மீன் அந்த இரவிலே நான்கு மடங்கு பெருத்தது? எந்த வலை அந்த இரவிலே நான்கு மடங்கு அகன்றது?

“87 ரூபா என்பது அடக்கவிலையிலும் குறைந்தது, அரசு நட்டத்தைச் சுமந்தது” என்பது ஆட்சியாளர் கூறிய நியாயம். அந்த நட்டம் பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்காகச் சேர்த்து வைத்த நட்டத்தை ஓர் இரவிலே ஏழையின் தலையில் இறக்கிவைப்பதற்குப் பெயர் பொருளியல் சீர்திருத்தமா என்றே கேட்கின்றோம். படிப்படியாக ஏற்றியிருக்கலாம். பதிவுபெற்ற படகுகளுக்கு நிவாரணத்தை முதலில் ஒழுங்குசெய்து, விலையைப் பின்னர் ஏற்றியிருக்கலாம். செய்தது தலைகீழ். பின்னர் விலை இறங்கிற்று என்பதும் உண்மையே. ஆயினும் 87 க்கு அது மீளவில்லை. படகுகளும் மீளவில்லை.

இதிலே காலத்தையும் கவனித்தல் வேண்டும். கச்சான் வீசும் மாதங்களிலேதான் எமது கரையில் கடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்று தொடங்கி மாரி இறுகிவிட்டால் படகுகள் மணலில் ஏறிவிடும். ஆகஸ்டும் செப்டெம்பரும் தேடி வைத்தால்தான் நவம்பரும் டிசம்பரும் அடுப்பு எரியும். அந்த நாட்களிலே எண்ணெய் எட்டாக் கனியாயிற்று. தேட வேண்டிய மாதத்தில் தேட்டமில்லை. தின்ன வேண்டிய மாதம் முன்னே நிற்கின்றது. அப்போதுதான் அந்த அறிவுரையாளர் வந்தார்: “படகை விற்றுவிடு.”

படுவான்கரை விவசாயிகளுக்கு இது புதிய கதையன்று. 2021 இல் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடுத்தபோது அவர்கள் பட்ட பாட்டை நாடறியும். விளைச்சல் குன்றிய வயலுக்கும் எண்ணெயற்ற படகுக்கும் இடையே வாவி கிடக்கின்றது, வேறுபாடு கிடக்கவில்லை. பெரும்போக விதைப்புக்குப் பணந்தேடி அவர் உழவு இயந்திரத்தை விற்றார். மாரிக்குப் பணந்தேடி இவர் படகை விற்றார். விதைநெல்லைக் குற்றி உண்பவன் அடுத்த போகத்தை உண்கின்றான். கடலோடிக்குப் படகே விதைநெல்.

இலாபம் என்னும் மாயை

“நீ வாங்கிய விலையிலும் கூடுதலாகத்தானே தருகின்றேன்” என்பது வாங்குவோர் கூறும் முதல் வார்த்தை. இந்த வார்த்தையில் மயங்கியோர் எத்தனை பேர்!

ஓர் உதாரணம் சொல்வோம். டொலர் ஒன்று 200 ரூபாவாக இருந்த 2021 இலே ஒருவர் 300,000 ரூபா கொடுத்துப் படகும் எஞ்சினும் வாங்கினார் என வைத்துக்கொள்வோம். 2022 மார்ச்சிலே ரூபாவின் கயிறு அறுந்தது. சில வாரங்களிலே டொலர் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரிலே வாங்குவோர் வந்து 360,000 ரூபா தருகின்றார். அறுபதினாயிரம் இலாபம் என்று மனம் மகிழ்கின்றது. ஆயின் எஞ்சின் யப்பானிலிருந்து வருவது. அதற்கு விலை டொலரிலே. அவர் அன்று கொடுத்தது 1,500 டொலர். இன்று பெற்றது 1,000 டொலர். இலாபம் என்று எண்ணியவர் மூன்றிலொரு பங்கை இழந்தார். அந்தப் பணத்துக்கு அதே எஞ்சினை அவர் மறுபடி வாங்க முடியாது என்பதை வாங்கியவர் அறிவார், விற்றவர்தான் அறியார்.

“காசைக் கையில் வைத்துக்கொள்” என்பது இரண்டாம் வார்த்தை. கையிலே வைத்த காசு என்னாயிற்று? கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். அதாவது, ஓராண்டுக்கு முன்னர் 300,000 ரூபாவை உறையிலிட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தவர், ஓராண்டின்பின் அதைத் திறந்தபோது, முன்னைய விலைவாசியில் சுமார் 176,700 ரூபாவுக்குரிய பொருளையே அதனால் வாங்க முடிந்தது. பூட்டை உடையாமல், பெட்டியைத் தொடாமல், பாதிக்கு அணித்தான பெறுமதியைக் களவாடிய கள்வன் அது!

காசு கரையும் காலத்திலே பொருளை வைத்திருப்பவன் தப்புகின்றான். காசை வைத்திருப்பவன் தாழ்கின்றான். இதை வாணிகம் கற்ற எவரும் அறிவர். அறிந்தவர் அறியாதவரைப் பார்த்து, “உன் பொருளை என்னிடம் தா, என் காசை நீ வைத்துக்கொள்” என்று சொன்னால், அதற்கு அறிவுரை என்றா பெயர்?

கடன் பெற்றுச் சமாளிக்கலாமே என்பீர்கள். 2022 ஏப்பிரலிலே மத்திய வங்கி தன் கடன் வசதி வீதத்தை 7.50 இலிருந்து 14.50 ஆக உயர்த்திற்று. வங்கிகள் அதற்கு மேலே ஏறின. வங்கிக் கதவு மூடினால் எஞ்சுவது ஈட்டுக் கடையும் தனியார் கைமாற்றும். அங்கேதான் எமது கதையின் கரிய பக்கம் தொடங்குகின்றது.

விற்பனையா, ஈடா?

அந்த மாரி கழிந்த 2023 மார்ச்சு மாதத்தில் ஒரு படகுக்காரர் எம்மிடம் வந்தார். பெயர் வேண்டா. கையிலே ஒரு தாளின் நிழற்பிரதி. “படகை விற்றிருக்கின்றீர்களே” என்றோம். “விற்கவில்லை ஐயா, ஈடுதான் வைத்தேன்” என்றார்.

வாய்ப்பேச்சு இது: 150,000 ரூபா பெறுவது, ஆறு மாதத்தில் 195,000 ரூபா கொடுத்துப் படகை மீட்பது. தாளிலே இருந்ததோ வேறு: “எனது படகையும் எஞ்சினையும் ரூபா 150,000 க்கு அறுதியாக விற்றேன்.” அவர் ஒப்பமிட்டபோது அந்த வாசகம் தாளில் இல்லை. முத்திரையும் ஒப்பமும் மட்டுமே இருந்தன, மேலே வெற்றிடம். படகும் எஞ்சினும் அந்நாளில் 400,000 ரூபாவுக்குக் குறையாதவை. மனைவியின் நகையை வைத்துப் பணந்திரட்டிக்கொண்டு ஆறாம் மாதத்திலே அவர் சென்றபோது, “படகா? அதை எப்போதோ விற்றுவிட்டேனே” என்ற விடை கிடைத்தது.

இம்மட்டோடு முடிந்ததா? இல்லை. கடற்றொழில் பதிவிலே படகு இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. புதியவர் தடைசெய்யப்பட்ட வலையோடு பிடிபட்டபோது அறிவித்தல் வந்தது பழைய உரிமையாளரின் வீட்டுக்கு. படகு அவருடையதன்று, பழி மாத்திரம் அவருடையது!

சட்டம் என்ன சொல்லுகின்றது? அசையும் பொருளின் விற்பனையை எமது நாட்டிலே ஆள்வது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயரின் சட்டத்தைப் பின்பற்றி ஆக்கப்பட்டது. ஆயினும் கடனுக்கு உத்தரவாதமாகவே பொருள் கைமாறியது, உரிமையைக் கொடுக்கும் எண்ணம் இருக்கவில்லை என்பதைச் சூழ்நிலைகள் காட்டுமாயின், பெற்றவர் அதனைக் கொடுத்தவரின் நன்மைக்காகவே வைத்திருக்கின்றார் என்று கொள்ள, 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு இடந்தருகின்றது. விலை மிகக் குறைவு, ஒப்பமிட்டபின்னும் பதிவு மாற்றப்படவில்லை என்பன போன்ற சான்றுகள் இங்கே பேசும். அதனை வைத்தே நாம் கடிதம் எழுதினோம். ஆனால், மறைவை அறியாது விலைகொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கிய மூன்றாமவரின் கையிலிருந்து படகைப் பறித்தல் எளிதன்று. எஞ்சியது கடன் கொடுத்தவரிடமிருந்து பணம் கேட்பதே. நெடிய வழக்குக்கு அஞ்சி அந்த மனிதர் 100,000 ரூபாவுக்கு இணங்கினார். நீதிமன்றம் ஆண்டுகளை எண்ணும். பிள்ளைகளின் வயிறு வேளைகளை எண்ணுகின்றது.

இன்னொன்றையும் சொல்லுதல் வேண்டும். வட்டி விலக்கப்பட்டது என்று நம்பும் மக்கள் வாழும் ஊர் காத்தான்குடி. வட்டி என்ற சொல்லைத் தவிர்ப்பதற்காகவே அதற்கு விற்பனை என்ற சட்டையை அணிவிப்போர் எங்கும் உளர். இது காத்தான்குடிக்கு மாத்திரம் உரிய நோயன்று. மட்டக்களப்பு நகரிலும், களுவாஞ்சிக்குடியிலும், கல்முனையிலும், கோவிலுக்குப் போவோரிடத்தும் பள்ளிக்குப் போவோரிடத்தும் தேவாலயத்துக்குப் போவோரிடத்தும் இந்நோய் உண்டு. “அந்த ஊர் வியாபாரி அப்படித்தான்” என்று இனத்தின்மேல் பழிபோட்டுத் தப்பிக்க நினைப்போருக்குச் சொல்லுகின்றோம்: இழந்தவரும் அதே ஊரவர்தாம், அதே மார்க்கத்தவர்தாம். பிரிவு இனத்தால் வந்ததன்று, கைம்முதலால் வந்தது.

நீதிமன்றம் தொடாத பொருள்

எமது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை 1889 ஆம் ஆண்டினது. அதன் 218 ஆம் பிரிவைச் சட்டம் பயின்றோர் அறிவர். தீர்ப்புக் கடனைச் செலுத்தாதவனின் உடைமைகளைக் கைப்பற்றும்போதும் சிலவற்றைத் தொடுதல் ஆகாது: உடுக்கும் உடை, படுக்கும் பாய், தொழிற் கருவிகள், விவசாயியாயின் பிழைப்புக்கு வேண்டிய உழுகருவி, மாடு, விதைநெல். அந்நியர் ஆண்ட காலத்துச் சட்டத்துக்கே இவ்வளவு ஈரம் இருந்தது! கடன்பட்டவனின் கையிலிருந்து கருவியைப் பறித்தால் கடனும் தீராது, குடும்பமும் வாழாது என்பதை அது உணர்ந்திருந்தது.

ஆயின், நீதிமன்றம் தொட அஞ்சும் பொருளைத் தரகர் ஒரு வெற்றுத்தாளால் தொட்டுவிடுகின்றார். வலிந்து பறித்தால் சட்டம் தடுக்கும்; வறுமையைக் காட்டி வாங்கினால் சட்டம் வாளாவிருக்கும். ஈதென்ன நீதி?

நிலத்தைப் பாருங்கள். அறியாமையால் ஒருவன் தன் காணியை அதன் உண்மைப் பெறுமதியின் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றுவிட்டால், எமது நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தில் லேசியோ எனோர்மிஸ் என்ற கோட்பாடு உண்டு; விற்பனையை நீக்குமாறு அவன் நீதிமன்றத்தை நாடலாம். படகை அதே பாதி விலைக்கு விற்றவனுக்கு அந்த வழி இல்லை. அவன் பொருள் ஆங்கிலச் சட்டத்தின் கீழ் வருவது. காணிக்காரனுக்கு ஒரு நீதி, கடற்காரனுக்கு ஒரு நீதியா? நிலமில்லாத காத்தான்குடியானுக்குப் படகே காணி அன்றோ?

2024 இலே, வங்கிகள் நீதிமன்றம் செல்லாமல் ஈட்டுச் சொத்தை ஏலமிடும் பராட்டே அதிகாரத்தை அரசு சிலகாலம் நிறுத்திவைத்தது. சிறிய, நடுத்தர வணிகரைக் காக்கவென்று செய்தனர்; நாம் அதனைக் குறைகூறவில்லை. ஆயின் வங்கியில் ஈடுவைக்கச் சொத்துடையவருக்கே அந்த நிழல். குத்தகைக் கடனில் எஞ்சின் எடுத்தவருக்கும், வெற்றுத்தாளில் ஒப்பமிட்டவருக்கும் வெயிலே எஞ்சிற்று.

நமது பங்கு

குற்றத்தை ஆட்சியாளர்மேலும் தரகர்மேலும் மாத்திரம் சுமத்திவிட்டு நாம் கைகழுவுதல் தகாது. அரைவிலைக்கு வந்த உழவு இயந்திரத்தையும் படகையும் வாங்கியோர் யார்? மாதச் சம்பளம் பெறும் நாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய டொலரை 360 ரூபாவுக்கு மாற்றிய நாம். வைத்தியர், ஆசிரியர், எழுதுவினைஞர், சட்டத்தரணி எனப் படித்தோர் பலரின் பணம் உறவினர் பெயரிலே கடற்கரைக்குச் சென்றது. “நல்ல விலைக்குக் கிடைத்தது” என்று மகிழ்ந்தோம். எவருக்கு நல்ல விலை என்று கேட்டோமா?

எமது தொழிலினரும் தப்பமுடியாது. அத்தகைய தாள்களுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தோர் நம்முள் இல்லையா? வாசித்துக் காட்டாமல் ஒப்பம் வாங்கியதைக் கண்டும் காணாதிருந்தோர் இல்லையா? எம் அலுவலகங்களின் வாயிலிலே நீதியின் தராசைப் பொறித்து வைத்திருக்கின்றோம். தட்டு எப்பக்கம் தாழ்ந்தது என்று பார்க்கவும் கடமைப்பட்டுள்ளோம்.

செய்ய வேண்டியவை

அழுதுகொண்டிருந்தால் ஆவதொன்றில்லை. ஐந்து காரியங்களைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, வெற்றுத்தாளில் ஒப்பமிடாதீர். படகை விற்பதேயாயின், படகின் பதிவிலக்கம், எஞ்சினின் தொடரிலக்கம், விலை இலக்கத்திலும் எழுத்திலும், எஞ்சினின் பழுதுகள், நிலுவைக் கடன்கள் யாவும் தமிழிலே எழுதப்படல் வேண்டும். இரு சாட்சிகள் முன்னே உரக்க வாசிக்கப்படல் வேண்டும். பிரதி ஒன்று விற்றவர் கையிலே தங்குதல் வேண்டும். ஈடாயின் ஈடென்றே எழுதுக.

இரண்டாவது, பணம் கைமாறும் நாளிலேயே இருவரும் கடற்றொழில் அலுவலகம் சென்று பதிவை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்கீழ்ப் படகுக்குப் பதிவு உண்டு. அப்பதிவு உறங்கக் கூடாது.

மூன்றாவது, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் விழித்தெழ வேண்டும். விலைமதிக்க இரு மூத்த தண்டயல்களும் ஓர் எஞ்சின் மெக்கானிக்கும் போதும். விற்கப்படும் படகைச் சங்கமே முதலில் வாங்கி, விற்றவருக்கே வாடகைக்கு விட்டு, ஈராண்டுக்குள் அவரே மீட்டுக்கொள்ள வழிசெய்யட்டும். சுனாமிக்குப் பின்னர் படகுகள் வந்து குவிந்த நாட்களை நினைவுகூருங்கள். கொடையாளர் கொடுத்தவற்றுள் கடலுக்கு ஒவ்வாதவையும் இருந்தன. தொழில் அறியாதார் கைக்குச் சென்றவையும் இருந்தன. அன்று படகு இருந்தது, ஒழுங்கு இல்லை. ஒழுங்கில்லாத இடத்திலே கொடையும் வீணாகும்.

நான்காவது, எரிபொருள் விலையை மாற்றும்போது பதிவுபெற்ற சிறு படகுகளுக்கும் சிறு விவசாயிகளுக்கும் நிவாரணம் முதலிலே சேரட்டும்; விலை பின்னர் ஏறட்டும். இதனைச் சட்டமாகவே கேட்போம்.

ஐந்தாவது, தொழிற் கருவியைப் பாதி விலைக்கும் குறைவாக நெருக்கடியிலே விற்றவர், ஓராண்டுக்குள் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்கும் உரிமையைப் பாராளுமன்றம் வழங்கல் வேண்டும். காணிக்கு நெடுங்காலமாக உள்ள நீதியைப் படகுக்கும் உழவு இயந்திரத்துக்கும் நீட்டுக என்பதே எமது கோரிக்கை. எமது மாவட்டத்தின் பிரதிநிதிகள் எக்கட்சியினராயினும், இக்கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லட்டும்.

2014 இலே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது, பாதையேறி வாவியைக் கடந்த காலம் முடிந்தது. எழுவான்கரையும் படுவான்கரையும் ஒன்றாயின என்று மகிழ்ந்தோம். கற்பாலம் கட்டியாயிற்று. கடலோடிக்கும் உழவனுக்கும் இடையே, படித்தவருக்கும் உழைப்பவருக்கும் இடையே உள்ள பாலத்தை நாமே கட்டுதல் வேண்டும். அதற்கு முதற்கல்லாக, அடுத்த முறை ஒரு படகுக்காரர் மெலிந்த முகத்தோடு விலைபேச வரும்போது, “எவ்வளவுக்குத் தருவாய்?” என்று கேட்குமுன்னர், “ஏன் விற்கின்றாய்?” என்று கேளுங்கள்.

அந்த மனிதர் இப்போதும் விடியுமுன்னே கடற்கரைக்கு வருகின்றார். மணலிலே நிற்கும் ஒரு படகைக் கண்டு சற்றே நின்று, பின்னர் பிறருடைய படகிலே ஏறிக்கொள்கின்றார். முதலில் அவர் காண்பது தம் கையால் வர்ணம் பூசிய படகு.